போர்த்தி வைத்த சோலர் பெனல்

கிண்ணியா,
சனிக்கிழமை.

அன்பு பல்கீஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மகள் ஜுமானாவும் அல்லாஹ்வின் காவலில் சுகம். என் தொப்பையும் சுகம், கொஞ்சம் முன்னேறியும் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய் என்ற பயத்தில், கட்டாருக்குத் திரும்பும் ஸாலிஹாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிரித்துப் படிக்காமல் கொண்டுவந்து தந்தால் அவள் ஸாலிஹாவே அல்ல.

மகளின் படிப்பு விஷயம்தான். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்க டவுன் பாடசாலைக்குப் போகவேண்டும் என்று அவள் கேட்டபோது, பெண்பிள்ளையைத் தினமும் தனியாக பஸ்ஸில் பாலம் தாண்ட விட ஏலாது என்று நாம் முடிவெடுத்தோமே. அழுகையாவது நிற்கட்டும் என்று, அந்தப் பாடசாலையில் நடந்த ஒரு கிழமை, ஏழே நாள் சோலர் பயிற்சிக்கு மட்டும் அனுப்பினேன். மருந்தென்று கொடுத்து நோயைக் கூட்டிவிட்டேன்.

ஆளுக்கொரு சின்னப் பெனலையும் தண்ணீர் மோட்டரையும் பிள்ளைகளே பொருத்தி, வீட்டில் ஓட்டிக் காட்டவேண்டுமாம். நேற்றுப் பகல் பயிற்சி கொடுத்த ஜெயரூபி டீச்சர் பார்க்க வந்தார். மகள் கிணற்றடியில் சுவிட்சைப் போட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வயரைக் கழற்றினாள், திரும்பப் பூட்டினாள். முகம் கறுத்துவிட்டது. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்: காலையில் குசினிக் கூரையில் அவள் கட்டிய பெனலின்மேல் நான் இடுப்பில் உடுக்கும் சாரம்!

நான்தான் போர்த்தினேன். நீ அனுப்பிய மிக்சிக்கே இன்னும் பொலித்தீன் கழற்றாதவன் நான். கண்ணாடிச் சாமான், இந்த வெயிலில் வெடித்துவிடுமே என்று பயந்துவிட்டேன். "வாப்பா, வெயில்தானே அதுக்குச் சாப்பாடு! அதையும் நோம்பு புடிக்க வெச்சிட்டீங்களே!" என்று அவள் கத்த, டீச்சர் சிரித்த சிரிப்பில் வேலிக்கு மேலால் பஸ்மியா எட்டிப் பார்த்தாள். இனி ஊர் முழுக்க என் சாரத்தின் கதைதான்.

கதிரையில் ஏறிச் சாரத்தை இழுத்தேன். பல்கீஸ், எப்படிச் சொல்வேன்! சத்தமில்லை, புகையில்லை, கிணற்றுத் தண்ணீர் தானாக ஏறி வந்து விழுந்தது. இருபது வருடம் தோட்டத்தில் மண்ணெண்ணெய் மெஷினின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றவன் நான். நம்பாமல் பெனலுக்கு மேல் கையை விரித்தேன், தண்ணீர் நின்றது. எடுத்தேன், வந்தது. டீச்சர் போனபிறகும் கதிரையை விட்டு இறங்காமல் அதையே செய்துகொண்டிருந்தேன். படைத்தவன் சும்மா கொட்டுகிற வெயிலைப் பிடித்து நம் பிள்ளை கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறாள். சுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். வேண்டாம் என்றது நாம் இருவரும். அவளிடம் நான் சொன்னதோ, உம்மாதான் விடமாட்டா என்று. பிள்ளை அதை நம்பி, உன்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. "உம்மா தூரத்துல தனிய இரிக்கிறா, பயப்படுவா தானே" என்றாள்.

அவள் டவுனுக்கே போய்ப் படிக்கட்டும், பல்கீஸ். காலை பஸ்ஸில் நானே கூட்டிப்போவேன். பாடசாலை விடும்போது வாசலில் நிற்பேன். விண்ணப்பத்தை வரும் வியாழனுக்குள் கொடுக்கவேண்டும். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன் மனம் இளகினால் 'ஓம், போகட்டும்' என்பதை எனக்குச் சொல்லாதே. அவளுக்குச் சொல், உன் குரலிலேயே.

பிள்ளையையும் அவளைப் பெற்ற உன்னையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.

உன்
சரீப்