பொம்பளைச் சீக்கு

நேற்று காந்திபுரத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பினாயில் போட்டுத் தரையைத் துடைத்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நம் மில் டிஸ்பென்சரி ஞாபகம் வந்தது. கூடவே நீயும் வந்தாய், வலது கையைச் செத்த பாம்பு மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு.

உன்னைப் போத்தனூரில் எரித்துவிட்டு வந்த மறு வாரம் என் இடது கால் படுத்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. சிரிக்காதே. உன் சீக்கேதான்.

உனக்கு அது எப்படி வந்தது என்பது மில்லுக்கே தெரியும். பக்கத்து மெஷின் பெல்ட் நம் மேஸ்திரியின் கையைப் பிடுங்கிக்கொண்டு போனது. கிட்ட நின்று பார்த்தவன் நீ. உன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாள் காலையில் உன் வலது கை எழும்பவில்லை.

மில் டாக்டர் உன்னைப் படுக்க வைத்து, அந்தக் கையை உன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, விட்டார். கை மூக்கில் விழாமல் ஒதுங்கி விழுந்தது. நிஜமாகச் செத்த கை என்றால் மூஞ்சியில் அறைந்திருக்குமாம்.

"ஹிஸ்டீரியா. எல்லாம் நடிப்பு. பொம்பளைங்களுக்கு வர்ற சீக்கு. காலாகாலத்துல கட்டிக் குடுத்தாச் சரியாப் போயிரும்."

"மாப்பிள்ளை பாத்துரலாமுங்களா டாக்டரு?" என்று கேட்டவன் நான். நீயும்தான் சிரித்தாய்.

ஒரு வாரத்தில் உன் சிரிப்பு நின்றது. உன் மெஷின்மேல் எவனோ கண்ணாடி வளையலும் மல்லிகைப் பூவும் வைத்துவிட்டுப் போனான். உன் அம்மா பேயோட்ட உன்னைக் கோடங்கியிடம் இழுத்துப் போனாள். அவன் வேப்பங்குச்சியால் விளாசினான். "எவடி நீ? பேரைச் சொல்லுடி" என்றான். அடி தாங்காமல் நீ அவன் பெண்டாட்டி பேரைச் சொன்னாய். அவள் உயிரோடு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குத் தனியாக விழுந்தது.

கிணத்துக்கடவில் உனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா வந்தார். நீ இடது கையால் காபி டம்ளரை நீட்டினாய். வேறு கை ஏது? அவர் வாங்கவில்லை. மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் சொன்னார்: "ஏனுங்க, எங்கூட்டுல ஒரு பொண்ணு இருக்குதுங்க. இன்னொண்ணு எதுக்குங்க?"

அதற்கப்புறம் உனக்கு யாரும் பெண் தரவில்லை. கையும் கடைசிவரை எழும்பவில்லை.

எனக்கு வைத்தியம் பார்த்தது சின்னப் பெண். முதல் நாளே என் கெட்ட காலின் குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, "நல்ல காலைத் தூக்குங்க தாத்தா" என்றது. தூக்கினேன்.

"பாத்தீங்களா, இந்தக் கால் தன்னால என் கையை அமுக்குதுங்க. பலம் இருக்குது. நல்ல சேதிங்க."

உன்னைப் பிடித்த அதே மாதிரிப் பொறி.

"அப்ப நான் நடிக்கறேனா கண்ணு?"

"இல்லீங்க தாத்தா. நரம்பு கெடலை. மூளை காலுக்குச் சொல்றது வழியில நின்னுபோகுது. இது நெசமான சீக்குங்க."

"ஹிஸ்டீரியாவா?"

"அந்தப் பேரை இப்ப எழுதறதில்லீங்க. கர்ப்பப்பை உடம்புக்குள்ள ஊர் சுத்துதுன்னு நெனச்சு அந்தக் காலத்துல வெச்ச பேரு. அப்புறம், முழுங்கின துக்கந்தான் கைகாலுக்கு எறங்குதுன்னாங்க. ஆம்பளைக்கும் வருமுங்க."

"ஸ்கேன்ல என்ர கர்ப்பப்பை தெரிஞ்சுதா?" என்றேன். அது தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது.

சிரிப்பு அடங்கும் முன்பே உன் கையைப் பற்றிச் சொன்னேன்.

"அப்பவே நம்பி, பயிற்சி குடுத்திருந்தா, கை வந்திருக்க நெறைய வாய்ப்பு இருந்துச்சுங்க."

நம்பியிருந்தால். அவ்வளவு பெரிய மில்லில் அந்த மருந்து ஒருத்தனிடமும் இல்லை.

என்னை எல்லோரும் நம்பினார்கள். மருமகள் காலைப் பிடித்துவிட்டாள். கம்பியைப் பிடித்து நடக்கப் பழக்கினார்கள். கால் வந்துவிட்டது. நேற்று அந்தப் பெண், "இனி வர வேண்டாமுங்க தாத்தா" என்று அனுப்பிவிட்டது. வாசல்வரை நேராக நடந்து காட்டினேன்.

வீட்டுப்படி ஏறும்போது காலை இழுக்க ஆரம்பித்தேன். "இன்னும் சரியாகலீங்களா மாமா?" என்று மருமகள் பதறினாள். இல்லை என்றேன். இன்று காலையிலும் இழுத்தேன். உன் கை கடைசிவரை தொங்கியதே, நானும் இனி சாகிறவரை இழுப்பேன்.

நடிப்பு என்றால் இதுதான். உன்னுடையது இல்லை.