கேட்காமல் ஏத்திவிட்ட அப்டேட்

புந்தோங், ஈப்போ
சனிக்கிழமை

அன்புள்ள மகன் பவித்ரனுக்கு அம்மா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீயும் ஷர்மினியும் அவ வயித்துல இருக்கிற பிள்ளையும் நல்லா இருக்கணும்னு வெள்ளிக்கிழமை தவறாம மாரியம்மன் கோயில்ல விளக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், உன் மேல இருக்கிற கோவத்துக்காக அதை நிறுத்தல. பேச்சைத்தான் நிறுத்தியிருக்கேன். அம்மா ஏன் போனை எடுக்கல, மெசேஜுக்கு ஏன் பதில் இல்லன்னு பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு விசாரிச்சியாம். மெசேஜ் வராததுக்குக் காரணம் வேற, என் போன் பழசாப் போச்சாம், இதுல இனிமே மெசேஜ் ஓடாதுன்னு போனே எழுதிக் காட்டிட்டு நின்னுபோச்சு. போனை எடுக்காததுக்குக் காரணம் நான்தான். போன்ல பேசினா நீதான் பேசுவே, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா நான் சொல்றதைக் கேளுங்கன்னு ஆரம்பிச்சுடுவே. கடுதாசில அந்தத் தொல்லை இல்ல, குறுக்க பேச முடியாது, முழுசாப் படிச்சுத்தான் ஆகணும். உக்காந்து படி.

தீபாவளி முடிஞ்ச வாரம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லியோ, எனக்கு இருக்கு. நான் கேட்டேனா? என் கம்ப்யூட்டருக்கு அப்டேட் போடுடா தம்பின்னு உன்கிட்ட என்னிக்காச்சும் கேட்டேனா? நீயாத்தான் போன் போட்டு, அம்மா உங்க கம்ப்யூட்டருக்கு இனிமே கம்பெனிக்காரன் ஒண்ணும் செஞ்சு தரமாட்டான், அப்படியே விட்டா எவனாச்சும் உள்ள பூந்து எல்லாத்தையும் திருடிடுவான், நான் மெல்பர்ன்ல இருந்தே சரி பண்ணிடறேன், நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்க, வர்றதுக்குள்ள முடிச்சுடறேன்னு சொன்னே. திருடுறதுக்கு என்கிட்ட என்னடா இருக்கு? பள்ளிக்கூடப் பிள்ளைங்க சட்டையில பேரு போட்டு ஒட்டித் தைக்கிற தண்டா நாமாவும் பள்ளிக்கூட முத்திரையும்தானே இருக்கு, அதைத் திருடி அவன் என்ன பண்ணப் போறான்? சரி, பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கிறவன், தெரிஞ்சுதான் சொல்லுவான்னு நானும் போயிட்டேன். திரும்பி வந்து சுவிட்சைத் தட்டினா, அலாமாக், அது எழுந்திரிக்கிறதுக்குள்ள அடுப்புல வச்ச சாம்பாரே கொதிச்சு இறங்கிடுச்சு. எழுந்து வந்ததும் புது மாதிரிப் படமெல்லாம் காட்டுது, பாக்க அழகாத்தான் இருக்கு. பூத்தையல் மிஷினுக்குப் பேரு அனுப்புற அந்த புரோகிராமைத் தட்டினா மட்டும் இது இதுல வேலை செய்யாதுன்னு ஒரே ஒரு வரி. கம்பியைக் கழட்டி மாட்டினேன், அணைச்சுப் போட்டேன், சாமி படத்துக்குச் சூடம்கூடக் காட்டினேன். மிஷின் பேசாம நின்னுச்சு.

அதுக்கும் மேல ஒண்ணு. அப்டேட்டுக்கு உள்ள இடம் பத்தலம்மா, அதனால பழைய குப்பையைக் கொஞ்சம் கூட்டித் தள்ளினேன்னு சொன்னியே, அது என்ன குப்பைன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல? அது குப்பை இல்லடா. ஈப்போவுல இருந்து லூமுட் வரைக்கும் நான் முத்திரை தைச்சுக் கொடுத்த ஒவ்வொரு பள்ளிக்கூடத்தோட படமும் அதுலதான் இருந்துச்சு. புலி போட்டது, புத்தகம் போட்டது, தீபம் போட்டது, எந்த நூலு எந்தப் பக்கம் திரும்பணும்னு ஒவ்வொண்ணும் நான் கண்ணு போக வரைஞ்சு வச்சது. உன் கண்ணுக்கு அம்மா பாத்த வேலை குப்பையாத் தெரிஞ்சிருக்கு, வேற என்ன சொல்ல.

சரி கேப்போம்னு போன் போட்டா நீ என்ன சொன்னே? கம்ப்யூட்டர் பழசும்மா, அதான் தாங்கல, புதுசு வாங்கிடலாம்னே. மிஷினும் பழசு, புதுக் கம்ப்யூட்டரோட அது சேராது, அதையும் மாத்தணும்னே. அப்புறம் எதுக்கும்மா இந்த வயசுல, பேசாம எல்லாத்தையும் விட்டுட்டு ரெஸ்ட் எடுங்களேன்னே. ஆக, கை வச்சது நீ, பழசுன்னு பேச்சு வாங்கினது கம்ப்யூட்டர், மூட்டை கட்டணும்னு தீர்ப்பு எனக்கு. நல்ல நியாயம்லா! அது பழசுதான், யாரு இல்லேன்னா? உங்கப்பா இருக்கும்போது வாங்கினது. ஆனா நான் கோயிலுக்குக் கிளம்புற வரைக்கும் ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்துச்சே, நீ கை வச்சதுக்கு அப்புறம்தானே படுத்துச்சு?

இதெல்லாம் எந்த நேரத்துல? பள்ளிக்கூடம் திறக்கப் போற நேரத்துல. வருசம் பூரா சும்மா உக்காந்திருந்தாலும் இந்த ரெண்டு மாசம் ஓடினாத்தான் எனக்கு அடுப்பெரியும்னு உனக்குத் தெரியாதா, நீ இந்த வீட்டுலதானே வளர்ந்தே, அந்த மிஷின் சத்தத்துலதானே தூங்கினே? பாசார் பக்கத்துல சீருடைக் கடை வச்சிருக்கிற பிரமிளா எத்தனை நாள்தான் பொறுப்பா? அக்கா மனசுல வச்சுக்காதீங்க, சட்டையில பேரு இல்லாமப் போனா பிள்ளைங்களை வாத்தியார் வெளியில நிக்க வைப்பார், நான் என்ன பண்ணட்டும்னு சொல்லி, பாதி ஆர்டரை மெங்லெம்புவுல ஒரு கடைக்குக் கொடுத்துட்டா. அவ மேல தப்பே இல்ல. என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. இத்தனை வருசத்துல ஒரு ஆர்டரை நான் திருப்பிக் கொடுத்ததில்ல, உங்கப்பா காரியம் முடிஞ்ச மறுநாளே மிஷினைப் போட்டவ நான்.

அப்பவும் பையன் தெரியாமப் பண்ணிட்டான்னு மனசைத் தேத்திக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பத்தான் ஷர்மினி போன்ல பேசினா. அந்தப் பிள்ளைக்குச் சூது வாது தெரியாது, இதைப் படிச்சுட்டு அவகிட்ட சண்டைக்குப் போனேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் இருக்கு உனக்கு. அத்தை, மிஷின் ரோசாக் ஆகி நின்னுபோனதும் நல்லதாப் போச்சு, அம்மாவுக்கு இனி அங்க என்ன வேலை, இப்பவாச்சும் நம்மகிட்ட வந்துடுவாங்க, வீட்டை வாடகைக்கு விட்டுடலாம், பிள்ளையைப் பாத்துக்கவும் ஆள் ஆச்சுன்னு அவர் சொல்றாருன்னு சந்தோசமாச் சொன்னா. நான் சரிம்மான்னு சொல்லி வச்சுட்டு, வாசப்படியில உக்காந்துட்டேன். அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துச்சு.

இந்தப் பேச்சு எனக்குப் புதுசில்ல பவித்ரா. சுங்கை சிப்புட் பக்கம் நாங்க ரப்பர் மரம் வெட்டிப் பிழைச்ச கித்தா தோட்டத்தை வித்தப்ப, கணக்கு எழுதுற கிராணி வந்து எங்கம்மாகிட்ட இதையேதான் சிரிச்சுக்கிட்டே சொன்னார், எவ்வளவு காலத்துக்குத்தான் பால்மரம் வெட்டுவீங்க, இனி ஓய்வா இருங்கன்னு. அடுத்த மாசமே லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் அனுப்பினார். ஓய்வா இருன்னு சொல்ல வர்றவங்க முதல்ல வீட்டைத்தான் கேக்கிறாங்க. அவராச்சும் வெளியாளு, தோட்டத்துக்காரன் சொன்னதைச் சொன்னார். நீ நான் பெத்த பிள்ளை.

அதனால நேரா கேக்கிறேன், நேரா பதில் சொல்லு. அந்தக் கம்ப்யூட்டர் தாங்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? மோட்டார் கடைக்கு மேல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கிற பத்துமலை அண்ணன் வந்து திறந்து பாத்துட்டு, இதுக்கு இந்த அப்டேட் ஆகாதுன்னு கம்ப்யூட்டரே தடுத்திருக்கும்மா, அதைத் தாண்டி குறுக்கு வழியில ஏத்தியிருக்காங்கன்னு சொன்னார். அதுவே வேணாம்னு சொல்லியிருக்கு, நீ கேக்கல. தெரியாமப் பண்ணியிருந்தா அது மடத்தனம், திட்டிட்டு விட்டுடுவேன். நான் வேலையை விட்டா நல்லதுன்னு தெரிஞ்சே பண்ணியிருந்தா அதுக்குப் பேரு வேற, அதை நான் எழுத மாட்டேன், நீயே எழுது.

பத்துமலை அண்ணன் நீ ஏத்தினதை எல்லாம் வழிச்சுப் போட்டுட்டு, உங்கப்பா பீரோவுல பத்திரமா வச்சிருந்த பழைய டிஸ்க்கை வச்சே பழையபடி ஆக்கிக் கொடுத்தார். புரோகிராம் வந்துடுச்சு, மிஷினும் ஓடுது. நீ அழிச்ச படங்களை அவராலயும் மீட்க முடியல. பிரமிளா கடையில விக்காமக் கெடந்த பழைய சட்டைங்களை வாங்கிட்டு வந்து, அதுல இருக்கிற முத்திரையைப் பாத்துப் பாத்துத் திரும்ப வரைஞ்சுக்கிட்டு இருக்கேன், கண்ணு எரியுது, கழுத்து பிடிச்சுக்கிச்சு, அதையும் உன் கணக்குல சேத்துக்க. இதை இனிமே இன்டர்நெட்ல மாட்டாதீங்க, மாட்டினா ஆபத்துதான், அந்த ஒரு விசயத்துல உங்க மகன் சொன்னது சரின்னு அண்ணன் சொன்னார். சரின்னா சரி. மாட்டுறதுக்கு இருந்தாத்தானே, வீட்டுக்கு வர்ற லைனையே எடுக்கச் சொல்லிட்டேன். மெல்பர்ன்ல இருந்துக்கிட்டு உள்ள வர்றதுக்கு நீ வச்சிருந்த புரோகிராமையும் எடுத்தாச்சு. இனி என் கம்ப்யூட்டர்ல கை வைக்கணும்னா பிளேன் ஏறிப் புந்தோங்குக்கு வந்து, வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, அம்மா தொடலாமான்னு கேளு. வேணாம்னுதான் சொல்லுவேன்.

வேற சேதி பெருசா இல்ல. பாகான் செராய் சின்னம்மாவுக்கு முட்டி வலி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கிட்டுப் படுத்திருக்காங்க. உன்னை விசாரிச்சாங்க, நல்லா இருக்கான்னு சொன்னேன், வேற ஒண்ணும் சொல்லல, நம்ம மானம் நம்மளோட இருக்கட்டும். ஷர்மினிக்கு ஏழாம் மாசம் பிறந்துடுச்சு, கனமா எதையும் தூக்க விடாதே. நடக்கக் கூட்டிட்டுப் போ. கீரை கிடைச்சா வாங்கிக் கொடு, கிடைக்கலேன்னா தேடு. பாத்திரத்தை நீ கழுவு, கை தேஞ்சு போயிடாது, கை சும்மா இருக்கிறதாலதான் அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல போய் விழுது.

இதைச் சொல்லாம விட்டுடலாம்னுதான் இருந்தேன், மனசு கேக்கல. தீபாவளிக்கு முன்னாடியே நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பிச்சு வச்சிருக்கேன். பள்ளிக்கூட வேலை முடிஞ்சு, தைப்பூசமும் முடிஞ்சதும் அங்க வந்து, ஷர்மினிக்குப் பத்தியம் ஆக்கிப் போட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டி, மூணு மாசம் கூட இருந்துட்டுத் திரும்பலாம்னு நானாத்தான் முடிவு பண்ணியிருந்தேன். மூணு மாசம் இருக்க மாட்டேன், வேற ஆள் பாத்துக்கன்னு பிரமிளாகிட்டகூடச் சொல்லி வச்சிருந்தேன். உங்க ரெண்டு பேருக்கும் கிளம்புறப்ப சொல்லலாம்னு இருந்தேன். பிள்ளையைப் பாத்துக்க ஆள் இல்ல, வாங்கம்மான்னு ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தாப் போதும்டா. என் மிஷினை நிறுத்த வேண்டிய அவசியமே இல்ல.

இப்பவும் வருவேன், பேரப்பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு. ஆனா நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததுக்கு அப்புறம்தான், திரும்பி வர்ற டிக்கெட்டையும் கையில வாங்கிக்கிட்டுத்தான். வீட்டை எவனுக்கும் விட மாட்டேன், சாவி பிரமிளாகிட்ட இருக்கும். மாரியம்மா உங்க மூணு பேரையும் கண்ணு போலக் காப்பாத்தட்டும், உனக்கு மட்டும் கொஞ்சம் புத்தியும் சேத்துக் கொடுக்கட்டும். மறந்துடாதே, பதிலைக் கைப்பட எழுதித் தபால்ல போடு. பிள்ளைக்குப் பேரு முடிவானதும் அதையும் தெளிவா எழுது, முதல் சட்டைக்கு நான்தான் பேரு தைக்கணும்.

இப்படிக்கு,
இன்னும் வேலையில் இருக்கும் உன் அம்மா,
குமுதா ராமையா