காற்றை விட்டுவிட்ட பக்கம்

என் நசீமா,

உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்காரவைக்கவில்லை. நீ இருந்திருந்தால் இந்தப் பக்கம் திரும்பி உன்னிடம் கொட்டியிருப்பேன். இப்போது யாரிடம் சொல்வது?

நம் கம்பெனிக்குப் பல நாடுகளில் பம்ப் ஆலைகள். எந்த நாட்டு ஃபிட்டரும் இயந்திரத்தில் கைவைக்கும் முன் படிக்க வேண்டிய இணையப் பக்கங்களைக் கோவையில் உட்கார்ந்து நாம் இருவரும்தானே எழுதினோம்? அழுத்தத் தொட்டிக்கு நீ எழுதியது எனக்கு மனப்பாடம். "கரண்டை நிறுத்தினால் மட்டும் போதாது. உள்ளே காற்று அடைபட்டிருக்கும். அதை வெளியேற்றிய பிறகே மூடியைக் கழற்றவும்."

காய்ச்சலில் நீ போன பிறகு, எல்லாப் பக்கங்களையும் சுருக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்தில் இருந்து உத்தரவு வந்தது. அந்த வேலையை ஒரு மென்பொருளிடம் கொடுத்தார்கள். அது கரண்டைப் பற்றிய வரியை வைத்துக்கொண்டு, காற்றைப் பற்றிய வரிகளை விட்டுவிட்டது. கீழே பொறுப்பாளர் என்று என் பெயர். மேலாளரிடம் ஓடினேன்.

"ஏனுங்க கோகிலா, நீளமா இருந்தா யாருங்க படிக்கிறாங்க? அப்புறம் பார்த்துக்கலாமுங்க" என்றார்.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? அவிநாசி ஆலையில் செல்வராஜ் என்ற ஃபிட்டர் அந்தப் பக்கத்தைப் படித்து, கரண்டை நிறுத்தி, மூடியைக் கழற்றினார். மூடி தெறித்து முகத்தில் அடித்தது. ஒரு கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க அம்மணி, போன்ல படிச்சுப் பார்த்துத்தானுங்க கழட்டுனாரு. அப்புறம் எப்படிங்க அவரு மேல தப்புங்கறாங்க?"



பக்கம் சரியாகத்தான் இருந்தது என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம், கம்பெனி சொல்கிறது. போட்டால் பழி செல்வராஜ் தலையில். போடாவிட்டால் என் வேலை போகும். ஆனால் நசீமா, அந்தப் பக்கம் இன்னும் எல்லா நாடுகளிலும் திறந்து கிடக்கிறது. இந்த நிமிடம் எங்கோ ஒருவர் அதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டிருப்பாரோ?

இன்று காலை யாரையும் கேட்காமல் நீ எழுதியதைத் திரும்பப் போட்டேன். மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கங்களை இனி நான் திருத்த முடியாதபடி பூட்டியும் விட்டார்கள். "ஏனுங்க இப்படிச் செஞ்சுபோட்டீங்க?" என்று மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

என் சொந்த போனில், எண் தெரிந்த ஆலைகளுக்கெல்லாம் உன் வரிகளை அனுப்பினேன். வியட்நாமில் இருந்து ஒருவர் மட்டும் பதில் போட்டார்: "கழற்றப் போனவரை நிறுத்திவிட்டோம். உள்ளே காற்று இருந்தது."

கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மற்றவர்கள் படித்தார்களா? தெரியவில்லையே.

திங்கட்கிழமை கம்பெனியில் என்மேல் விசாரணை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன். செல்வராஜின் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நீ எழுதியதையும் அவர்கள் வெட்டியதையும் அவர்கள் முகத்துக்கு நேரே வாசிப்பேன். குரல் நடுங்கினாலும் முழுதும் வாசிப்பேன். இது உன்மேல் ஆணை.

உன் மகள் ஆயிஷாவுக்குச் சித்தி,
கோகிலா