புஷ்பத்தின் முதுகு வலி

பெப்ரவரி 11, செவ்வாய்
வீட்டுக்காரி புஷ்பம் மத்தியானமே தேயிலை மலையிலிருந்து இறங்கிவிட்டாள். இருபத்தாறு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள், அரைப்பேரோடு, அரைநாள் கூலியோடு, வீடு திரும்பியதே இல்லை. முதுகும் தாடையும் இழுக்கிறதாம். முகமெல்லாம் வேர்வை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள்.

பெப்ரவரி 13, வியாழன்
டவுன் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்தாள். எனக்குத் தேயிலை பெக்டரியில் ஷிப்ட்.

"டாக்டர்கிட்ட என்னா சொன்ன?"

"முதுகு வலின்னேங்க. சிங்களத்துல அதுதான் தெரியும். வேர்க்கிறது, மூச்சு முட்டுறதெல்லாம் எப்படிச் சொல்றது?"

கூடை சுமக்கிறவளுக்கு முதுகு வலிக்காதா என்று சிரித்தாராம். பெனடோல், பூசத் தைலம். ஈசிஜி எடுக்கவில்லை.

போன வருடம் நான் பெக்டரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோட்டத்து லொறி ஓடிவந்தது. போனவுடன் ஈசிஜி. மறுநாளே கண்டியில் இருதயத்துக்குக் குழாய் வைத்தார்கள். எனக்கு மட்டும் எப்படி?

பெப்ரவரி 14
வேலைக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

பெப்ரவரி 27, வியாழன்
கொழுந்து நிறுக்கும் இடத்தில் விழுந்துவிட்டாள். லொறி இல்லை. த்ரீவீலில் கொண்டுபோனோம். இந்தத் தடவை ஈசிஜி எடுத்தார்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அட்டாக் இன்னைக்கு வரலைங்க ஐயா. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே வந்திருக்கு. அப்பவே ஏன் கூட்டிட்டு வரலை?"

வந்தாளே. இதே ஆஸ்பத்திரிக்குத்தானே வந்தா. நான் கூட வந்திருந்தா, நாலு வார்த்தை சிங்களத்துல சொல்லியிருப்பேனே — ஒரு நாள் ஷிப்ட். ஒரே ஒரு நாள்.

மார்ச் 9, ஞாயிறு
வீட்டுக்கு வந்தாள். இருதயத்தில் பாதி செத்துவிட்டதாம். இனிக் குழாய் வைத்தும் பெரிய பலன் இல்லையாம். கட்டிலிலிருந்து கக்கூஸ்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

"ஒங்களைக் காப்பாத்துனாங்களே, மாதாவுக்குத் தோத்திரம்" என்கிறாள். எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் 2
ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தையெல்லாம் வெளியில் வாங்கச் சொல்கிறார்கள். என் சம்பளம் மட்டும் போதாது. மகள் ஜெனிதா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மே 5, திங்கள்
ஜெனிதாவுக்கு நவம்பரில் ஏ.எல். பரீட்சை. சனிக்கிழமையே புத்தகங்களைக் கட்டி மேலே போட்டுவிட்டாள். வேண்டாம் என்றேன். உரத்துச் சொல்லவில்லை. இன்றைக்குக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கொழுந்து பறிக்க அவள் பெயரைப் பதிந்துகொண்டார்கள்.

அவள் கிளம்பும்போது புஷ்பம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டும் தன் படங்குச் சாக்கைத் தானே மகளின் இடுப்பில் கட்டிவிட்டாள். முடிச்சுப் போடுவதற்குள் மூச்சு வாங்கி இரண்டு தடவை நிறுத்தினாள்.