உன் தோள் அளவுக் கதவுகள்

அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டைத் துளைக்கும்போது ஒரு வாடை வரும். அழுகிய அன்னாசியும் பல் டாக்டர் அறையும் கலந்த மாதிரி. போன சனிக்கிழமை மேரு ஊரில், நம் கொட்டகையில் அது கிளம்பியது. உடனே நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். நீ நிற்கவில்லை. துறைமுகச் சாலையில் பின்விளக்கு எரியாமல் நின்ற லோரியில் உன் மோட்டார் சைக்கிள் மோதி, போன மழைக்காலத்திலேயே போய்விட்டாய். செய்தித்தாளில் உனக்குப் பெயர்கூட இல்லை. ‘இந்திய ஆடவர்’ என்று இரண்டு வரி. அந்தக் கோபம் ஆறவில்லை. ஆனால் நான் எழுதுவது வேறு செய்தி. நம் விமானத்தில் கதவுகள் ஏறிவிட்டன.

யாரோ பாதி கட்டிக் கைவிட்ட அந்தக் குட்டி விமானத்தை நீயும் நானும் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அந்தோணி அண்ணனும் கூட்டாக வாங்கியபோது, முதலில் ஏறி உட்கார்ந்தவன் நீ. கூடவே வந்த தட்டைக் கதவு உன் தோளில் முட்டி நின்றது.

“டேய், இது பிளேன்லா, லோரி இல்ல. மூச்ச இழுத்துப் பிடி,” என்றார் அண்ணன்.

பிடித்தாய். கதவு மூடிக்கொண்டது. முகம் சிவக்க மறுபடி திறந்துகொண்டு இறங்கினாய்.

“வாடகைக்கு வீடு கேக்கப் போனா சுருங்கி நிக்கிறோம். வேல கேக்கப் போனா சுருங்கி நிக்கிறோம். நாமளே செய்யிற பிளேன்லயுமா மச்சான்? கதவ உப்ப வச்சிருவோம்,” என்றாய்.

பண்டமாரானில் விளம்பரப் பலகை செய்கிறவன் நீ. அக்ரிலிக் உனக்குப் பழகிய பொருள். கடை அடுப்பில் தகட்டைச் சூடாக்கி, மர வளையத்தில் இறுக்கி, கம்ப்ரஸர் காற்றைக் கீழிருந்து விட்டாய். பூரி மாதிரி எழும்பியது. முதலில் வந்தவை கோணிப்போயின. நீ அவற்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடை முழுக்க நடந்தாய். கடைசியில் தெளிவாக ஒரு ஜோடி வந்தது. பழைய கம்பளியில் சுற்றி வைத்தாய். பொருத்த நீ இல்லை.

அந்தோணி அண்ணன் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“அவனுக்காகத்தான் உப்பின கதவு. நீ காஞ்ச கருவாடு மாதிரி இருக்க. தட்டையே போதும். தொளைக்கும்போது வெடிச்சா யாருடா இன்னொன்னு ஊதுவா?”

எனக்கும் அதே பயம்தான். விமானத்துக்கு எந்தக் கதவும் போதும். ஆனால் உன் கையால் ஆனது அந்த ஒரு ஜோடிதான். கம்பளிக்குள் இருக்கும்வரை உடையாது. அதனால் தட்டைக் கதவையே மாட்டிப் பார்த்தோம்.

அன்று உன் தங்கை நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். முதல் சவாரி அவளுக்குத்தான் என்று நீ சொல்லி வைத்திருந்தாயாமே. ஏறி உட்கார்ந்தாள். உன் தோள்தான் அவளுக்கும். கதவு முட்டியது. கொஞ்சம் திரும்பி, கையை மடியில் இறுக்கி, சாத்திக்கொண்டாள்.

“பரவால்லண்ணே. நான் ஒருக்களிச்சே உக்காந்துக்கிறேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பழகிய சிரிப்பு. பள்ளியில், பஸ்ஸில், ஆபீஸில் எத்தனை முறை சொல்லியிருப்பாளோ. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவளை இறங்கச் சொன்னேன். தட்டைக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன். அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவரே போய்க் கம்பளியைப் பிரித்தார்.

நீ சொன்னபடியே செய்தோம். முனை மழுக்கிய துளைக்கம்பி, அடியில் மரக்கட்டை, மெதுவான சுற்று. ஓட்டையைத் திருகாணியைவிடப் பெரிதாகப் போடச் சொல்வாயே, “வெயில்ல அதுவும் நீளும்லா, இறுக்கிக் கட்டுனா வெடிச்சிரும்” என்று. ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்னால் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். உன் தங்கை மூச்சுகூட விடவில்லை. ஒன்றும் வெடிக்கவில்லை.

அவள் மறுபடி ஏறினாள். நேராக உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். முழங்கை வெளியே உப்பிய இடத்துக்குள் போய்ச் சுகமாக நின்றது. அப்புறம், “எல்லாம் சரி, ஏசி எங்கண்ணே?” என்றாள். அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார்.

விமானம் இன்னும் பறக்கவில்லை. சோதனை அதிகாரி வர வேண்டும். அவர் என்ன சொல்வாரோ. எப்படியும், அவள் இருக்கை அவளுக்குச் சரியாக இருக்கிறது.

நேற்று எல்ஆர்டி ரயிலில் என் பக்கத்தில் ஒரு பெண்மணி, பெரிய பையோடு, பாதி இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்தார். முன்பென்றால் அவர் ஒடுங்குவதைக் காணாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உள்ளுக்குள் எரிந்திருப்பேன். இந்த முறை தள்ளி உட்கார்ந்து, “நல்லா உக்காருங்க ஆன்டி, எடம் இருக்கு” என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.