முட்டு எடுத்த நாள்

பிலடெல்பியா
செப்டம்பர் 9, 1821

அன்புள்ள லெமுவேலுக்கு,

கம்பளிக் காலுறையும் ஆப்பிள் பாகும் அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

கொத்து வேலைக்கு நீங்களே கூட்டிப்போன என் தம்பி கிதியோன் எழுதியிருக்கிறான்: "அக்கா, மாமா கட்டுற சட்டசபைக் கூரை முழுக்கச் செங்கல் வளைவு. மழையில சாந்து இன்னும் ஈரமாவே கெடக்கு. வசந்தம் வர்ற வரைக்கும் வளைவைத் தாங்குற முட்டு மரத்தைத் தொடக் கூடாது. சொன்னா எரிஞ்சு விழுறாரு."

அவன் சொல்வதையும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் சுகம்.

உங்கள் டபித்தா

ஹார்ட்வெல்
செப்டம்பர் 20

டபித்தா,

அக்காளும் தம்பியுமாகச் சேர்ந்து எனக்கே கட்டடம் கட்டச் சொல்லித்தருகிறீர்களா? நல்ல கூத்து!

தீப்பிடிக்காத கூரை வேண்டும் என்று இந்த மாகாணத்தில் அடித்துப் பேசியவன் நான் ஒருவன்தான். அக்டோபர் பதினேழில் முட்டு எடுக்கிறோம். அன்றைக்கு நாட்டின் தலைநகரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கூரை நின்றால், அங்கே கட்டப்போகும் பெரிய நீதிமன்றம் என் கைக்கு வரும். தள்ளிப்போட்டால் பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள். அதன்பிறகு மாட்டுக்கொட்டகை கட்டக்கூட என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

முட்டு எடுக்கும்போது கட்டடத்தை வரைந்தவன் கூரைக்கு அடியில் நிற்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். நானே நிற்பேன், போதுமா? உன் தம்பியை வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொல்.

லெமுவேல்

பிலடெல்பியா
அக்டோபர் 1

லெமுவேலுக்கு,

நிற்பீர்களா? நம் மகள் சூசன்னா ஜுரத்தில் கிடந்தபோது பால்டிமோரில் தூண்களுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தவர் நீங்கள். அவளைப் புதைத்த அன்றைக்கும் வரவில்லை. இந்த வீட்டில் யாருக்காக நின்றிருக்கிறீர்கள்?

சரி, வாய்விட்டுச் சொல்லிவிட்டீர்கள். நின்று காட்டுங்கள். நின்றுவிட்டால், சாகும்வரை உங்களைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன்.

டபித்தா

ஹார்ட்வெல்
அக்டோபர் 19

என் டபித்தா,

நின்றது! மரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, ஒரு செங்கல் அசையவில்லை. நான் நட்டநடுவில் நின்றேன். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். கவர்னரே கையைப் பிடித்துக் குலுக்கினார். நீதிமன்றம் நமக்குத்தான். இனியாவது என்னை நம்புவாயா?

உன் லெமுவேல்

பிலடெல்பியா
அக்டோபர் 30

லெமுவேலுக்கு,

கூரை நின்றது எனக்கும் தெரியும். நானும் அங்கேதான் இருந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ண மனம் வரவில்லை. தபால் வண்டி ஏறி வந்தேன். நீங்கள் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு. பின்வாசல் வழியாக நுழைந்தால், கூரைக்கு அடியில் கிதியோன் தன்னந்தனியாக நின்றான்.

"மாமா எங்கடா?"

"கவர்னர் கூப்பிட்டாராம், வெளிய போயிட்டாரு. என்னை நிக்கச் சொல்லிட்டாரு. நீ போக்கா! பைத்தியமா உனக்கு?"

அவன் பிடித்துத் தள்ளினான். நான் போகவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் மரம் விழுந்தபோது திறந்திருந்த கதவு வழியே உங்களைப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப்பக்கம், கவர்னருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அந்தச் சுண்ணாம்புத் தூள் என் தலையில் விழுந்தது, லெமுவேல். இரண்டு முறை அலசியும் போகவில்லை.

கிதியோன் இனி உங்களிடம் வேலைக்கு வரமாட்டான். உங்கள் துணிமணிகளையும் வரைபடங்களையும் உங்கள் அக்காள் வீட்டில் சேர்த்துவிட்டேன். இந்த வீட்டுக்குப் பூட்டு மாற்றியாகிவிட்டது.

டபித்தா