சாமியறைக்கு மேலே வைக்காத தொட்டி

28.10.1985, திங்கள்

பட்ஜெட்டில் சோலார் ஹீட்டருக்கு இருந்த வரிச் சலுகையை எடுத்துவிட்டார்கள். டிசம்பர் 31க்குள் கூரையில் பூட்டிப் பொருத்தி, படிவம் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் பழைய விலை. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஹீட்டர் கடையில் காலையிலிருந்து போன் ஓயவில்லை. முதலாளி ராதாகிருஷ்ணன் மற்ற கடைக்காரர்களோடு சேர்ந்து அமைச்சுக்கு மனு எழுதினார். எழுதின கையோடு 'கடைசி வாய்ப்பு' என்று பத்திரிகைக்கு விளம்பரமும் எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பூட்டும் ஆட்களுக்கு நான்தான் சூப்பர்வைசர். சிரிப்பெல்லாம் எத்தனை நாளைக்கோ.

14.12.1985

இன்னும் இருபத்து மூன்று வீடு பாக்கி. முதுகு விட்டுப்போகிறது.

27.12.1985, வெள்ளி

கிள்ளானில் குணபூசணி டீச்சர் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார். மூட்டுவலிக்குச் சுடுதண்ணீர் வேண்டுமாம். வீடு பாதி கல், பாதி பலகை. முந்நூறு லிட்டர் தொட்டியைத் தாங்கக்கூடியது சாமியறைக் கல்சுவர் ஒன்றுதான். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமிக்கு மேல தண்ணி நிக்கக் கூடாது தம்பி. வேற இடம் பாருங்கோ."

வேறு இடம் என்றால் படுக்கையறைக்கு மேல். அங்கே உத்திரத்துக்குத் துணையாக இன்னொரு கட்டை அடிக்க வேண்டும். கையில் கட்டை இல்லை. வாங்கிவர இன்னொரு நாள் போகும். மீதி இருப்பதே நாலு நாள். "சரி டீச்சர், உங்க இஷ்டம்" என்று தூக்கி வைத்துவிட்டோம். படிவத்தில் 'உத்திரம் பலப்படுத்தப்பட்டது' என்று ஒரு கட்டம். டிக் அடித்தேன். புதுவருஷம் முடிந்ததும் போய்க் கட்டையை அடித்துவிட வேண்டும்.

டீச்சர் வற்புறுத்திக் கோப்பி கொடுத்தார்.

9.1.1986

கிள்ளானுக்கு இன்னும் போகவில்லை. புது விலை கேட்டு ஆட்கள் போனை வைத்துவிடுகிறார்கள். ஸ்டோர் நிறையச் சரக்கு. இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியாச்சு. இந்த நேரத்தில், முடிந்ததாக டிக் அடித்த வேலைக்குக் கட்டை வாங்கக் காசு கேட்டால் முதலாளி என்ன சொல்வார்? அடுத்த வாரம் பார்க்கலாம்.

16.1.1986, வியாழன்

தொட்டி விழுந்துவிட்டது. சாயங்கால மழையில், சீலிங்கோடு, நேராகக் கட்டில்மேல். டீச்சர் அப்போது சாமியறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த வாரமாம். அடுத்த வாரம்!

17.1.1986

போனேன். கட்டில் நடுவில் முறிந்து கிடந்தது. தலையணையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.  டீச்சரே முதலில் பேசினார்.

"என்ர பிழை தம்பி. நீங்கள் சொன்ன இடத்தில வைக்க விட்டிருக்கலாம். சாமியைச் சாட்டிப் பிடிவாதம் பிடிச்சன். அவரே காட்டிப்போட்டார்."

இல்லை டீச்சர் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதுபோல ஆட்டினேன். சீ.

20.1.1986

முதலாளி ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருந்தார். தொட்டியின் இடத்தைத் தேர்ந்தெடுத்தது வீட்டுக்காரரே என்று.

"இருக்கிற நிலைமையில இது வெளிய தெரிஞ்சா கடைய மூடிட வேண்டியதுதான்லா சபாபதி. அந்தம்மா கேட்ட இடம்தானே? சைன் வாங்கிட்டு வா."

கொண்டுபோனேன். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, நிதானமாகப் படித்து, "உண்மைதானே" என்று கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு இப்போது போவதில்லையாம். "எந்த முகத்தோட போறது தம்பி?"

என்னிடம் கேட்கிறார்.

21.1.1986

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். காய்ச்சலா என்று என் சம்சாரம் வள்ளியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

9.2.1986, ஞாயிறு

வள்ளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க அப்ப கட்டில்ல படுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

டீச்சரிடம் நின்றபடியே சொன்னேன். அடிக்காத கட்டை, அடித்த டிக், அன்று தலையாட்டியது, ஒன்றையும் விடவில்லை. 

"மூண்டு கிழமை என்னைக் குற்றவாளியா வச்சிருந்தனீங்கள்."

கோப்பி இல்லை. கதவை நானே சாத்திக்கொண்டு வந்தேன்.

10.2.1986

நடந்ததை என் கைப்பட எழுதி முதலாளி மேசையில் வைத்தேன். "பைத்தியமா உனக்கு?" என்றார். கூரையைக் கடைச் செலவில் சரிசெய்து கொடுக்க ஒத்துக்கொண்டார். என்னை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். முப்பத்தொன்றாம் தேதிக்குள் முடி என்று விரட்டியவர் அவர்தான். ஆனால் பேனா என் கையில் இருந்தது.

7.3.1986, வெள்ளி

செந்தூலில் மின்காத்தாடி ரிப்பேர் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலம் வேண்டுதல் என்று சொல்லி வள்ளியம்மாவைக் கிள்ளான் கோயிலுக்கு அழைத்துப்போனேன். டீச்சர் வருகிறாரா என்று பார்க்கத்தான் போனேன்.

வந்திருந்தார். முன்வரிசையில், வெள்ளைச் சேலையில். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "ஏன் இவ்வளவு நாளாக் காணோம்?" என்று கேட்டார்.

"வீட்டுத் தொட்டி விழுந்து போச்சு. பூட்டின ஆளின்ர பிழை. நான் வீணா என்னையே நொந்துகொண்டு இருந்தன்."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். குரலைக் குறைக்கவில்லை. "இந்தா நிக்கிறார், இவர்தான்" என்றார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வள்ளியம்மா என் முழங்கையைப் பிடித்தாள், போய்விடலாம் என்று.

தீபாராதனை முடியும்வரை அங்கேயே நின்றேன்.